‘நாங்கள் பொறுப்பல்ல!’ அப்படியானால் யார் பொறுப்பு?

திண்டுக்கல்லில் ஒரு வண்டி ஸ்டாண்டு. காலையில் அங்கே மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு மதுரைக்குப் போனேன். காசு கொடுத்தேன். டோக்கன் வாங்கினேன். சாயங்காலம் திரும்பி வந்தேன். வண்டி இருந்தது. வண்டியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் காணோம்!

"தம்பி, ஹெல்மெட் எங்கேப்பா?" என்று கேட்டேன்.

ஸ்டாண்டுப் பையன் வாயைத் திறக்கவில்லை. கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினான். சுவரில் கொட்டை எழுத்தில், சிவப்பு மையில் எழுதியிருந்தது: "வாகனத்துக்கும் அதில் உள்ள பொருள்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல."

"பொறுப்பு இல்லை என்றால் எதற்காகக் காசு வாங்குகிறீர்கள்?"

"நிழலுக்குங்க" என்றான்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரையில் பாதித் தகரம் இல்லை!

வாசகர்களே, இந்தப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சலவைக் கடையில் பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் பார்த்திருப்பீர்கள். ராட்டினம் சுற்றும் பொருட்காட்சியில், குளிக்கும் அருவியில், லாட்ஜில், லாரியின் முதுகில்கூடப் பார்த்திருப்பீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, "சரி, நம் தலையெழுத்து" என்று போய்விடுகிறார்கள். பலகையில் எழுதிவிட்டால் அதுவே சட்டம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டப்பா வந்து என் எண்ணத்தை மாற்றியது.

புதையல் விளையாட்டு

என் அக்காள் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். போன பள்ளி விடுமுறைக்கு மனைவியையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தான். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பைத்தியம். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு புதையல் தேடுகிறார்கள்!

'ஜியோகேச்சிங்' என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது மறைத்து வைப்பார். உள்ளே ஒரு நோட்டுப் புத்தகமும், பிள்ளைகளுக்குப் பிடித்த சில்லறைச் சாமான்களும் இருக்கும். டப்பா இருக்கும் இடத்தின் குறியெண்ணை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழிகாட்ட, மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேட வேண்டும். கண்டுபிடித்தால் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு, பணம் எதுவும் கிடையாது. தேடும் இன்பம்தான்.

இது பிறந்த கதை சுவையானது. செயற்கைக்கோள் வழிகாட்டியை அமெரிக்க ராணுவம் நடத்துகிறது. பொது ஜனங்களுக்குக் கிடைக்கும் கணக்கை அது வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாகக் கொடுத்துவந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தப்பை நீக்கிவிட்டார்கள். உடனே, மே 3-ந் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டு ஓரத்தில் வைத்துவிட்டு, "முடிந்தால் கண்டுபிடியுங்கள்" என்று அறிவித்தார். வாளிக்குள் ஒரு டப்பா பீன்ஸ்கூட இருந்ததாம்! இன்று உலகம் முழுவதும் முப்பது லட்சத்துக்கும் மேலான டப்பாக்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

"மாமா, நம்ம ஊர்லயும் ஒண்ணு வைக்கணும். மலைக்கோட்டையில வைப்போமா?" என்று மருமகன் கேட்டான்.

"மலைக்கோட்டை மத்திய தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே கண்டதை ஒளித்து வைத்தால் போலீசார் உன்னை ஒளித்து வைப்பார்கள்" என்றேன்.

விளையாட்டின் விதியும் அதுதானாம். இடத்துக்கு உடையவரின் அனுமதி இல்லாமல் டப்பா வைக்கக்கூடாது. அனுமதி இல்லாமலும், பெயர் எழுதாமலும் வைத்தால் என்ன ஆகும்? 2011-இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் இப்படி ஒரு டப்பாவை யாரோ வெடிகுண்டு என்று நினைத்துவிட்டார்கள். ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடித்துத் தள்ளினார்கள்!

ஆகவே, எங்கள் தோட்டத்திலேயே வைப்பது என்று முடிவாயிற்று. திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் ரோட்டை விட்டு உள்ளே, சிறுமலையைப் பார்த்தபடி எங்களுக்குச் சிறிது நிலம் இருக்கிறது. கொஞ்சம் தென்னை, நாலைந்து புளியமரம், ஒரு மோட்டார் ரூம், ஒரு பழைய கிணறு. மோட்டார் ரூம் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த பொந்து உண்டு. டப்பா அதில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.

நட்சத்திரக் கணக்கு

அன்று ராத்திரி மருமகன் செல்போனில் விவரங்களை எழுதினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நீண்ட ஷரத்துப் பட்டியல் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். "என்னப்பா சொல்கிறது?" என்று கேட்டேன். சுருக்கமாகச் சொன்னான். வெளியே போய்த் தேடுவதில் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து தேடுகிறவரையே சேர்ந்தது. அடிபட்டாலும் பொருள் போனாலும் கம்பெனி பொறுப்பு ஏற்காது.

எனக்கு ஹெல்மெட் ஞாபகம் வந்தது. "இங்கேயும் அதே பலகைதானா?" என்றேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கம்பெனி அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இருக்கிறது. முப்பது லட்சம் டப்பாக்களையும் அவர்கள் போய்ப் பார்க்க முடியுமா? முடியாது. நத்தம் ரோட்டில் என் மோட்டார் ரூம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. டப்பாவை அவர்கள் வைக்கவில்லை. இடம் அவர்களுடையது அல்ல. "நாங்கள் பார்க்காத இடத்துக்கு நாங்கள் எப்படி ஜவாப்பு சொல்வது?" என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். அவர்கள் எழுதியிருப்பதில் சூது இல்லை, உண்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. அதுதான் முக்கியம். டப்பா வைக்கிறவனை அந்தப் பக்கம் குடைந்து குடைந்து கேட்கிறது. கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம்? ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் போடு. நடந்து போகும் தரை எவ்வளவு கஷ்டம்? அதற்கும் ஐந்து நட்சத்திரத்துக்குள் போடு. பாம்பு உண்டா? முள் உண்டா? செங்குத்துப் பாறை உண்டா? பாழடைந்த சுரங்கம் உண்டா? கைக்குழந்தையோடு போகலாமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் இருக்கிறது. படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு இருந்தும் விபத்து நடக்காமல் இல்லை. 2018-இல் செக் நாட்டின் பிராக் நகரில், மூடிய ஓடைக்குள் டப்பா தேடப் போனவர்களைத் திடீர் மழை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. உயிர்கள் போயின.

மருமகன் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினான்.

"மாமா, கிணறு மோட்டார் ரூமுக்கு எவ்வளவு தூரம்?"

"பத்து எட்டு இருக்கும்."

"ஆழம்?"

"ஐம்பது அடி. இந்தக் கோடையில் தண்ணீர் அடியில் கிடக்கிறது."

"கைப்பிடிச் சுவர் இருக்கா?"

"ஒரு பக்கம் இருக்கிறது. தெற்குப் பக்கம் இடிந்து பத்து வருஷம் ஆயிற்று."

"அப்போ என்னன்னு எழுதுறது?"

"அதுதான் 'அவரவர் பொறுப்பு' என்று அவனே போட்டிருக்கிறானே!" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஸ்டாண்டுப் பையன் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன்! அமெரிக்காக் கம்பெனிக்கு என் கிணறு தெரியாது. எனக்குத் தெரியுமே? பத்து வருஷமாகத் தெரியுமே?

அன்று முதல் இந்தப் 'பொறுப்பல்ல' விஷயத்தைப் பற்றி வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டேன். அவற்றைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

புடவை வழக்கு

தாய்மார்களுக்குப் பிடித்த வழக்கில் இருந்து ஆரம்பிப்போம். சென்னையில் ஒரு சலவைக் கம்பெனியில் ஒரு புதுப் புடவையைச் சலவைக்குப் போட்டார்கள். புடவை காணாமல் போய்விட்டது. பணத்தைக் கேட்டபோது, கம்பெனி ரசீதைத் திருப்பிக் காட்டியது. துணி தொலைந்தால் அதன் விலையில் நூற்றுக்குப் பதினைந்து பங்குதான் தருவோம் என்று அதில் அச்சடித்திருந்தது.

வழக்கு சென்னை ஐகோர்ட்டு வரை போயிற்று. 1960-களில் ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. இப்படிப்பட்ட ஷரத்து பொது நன்மைக்கு விரோதமானது, அது செல்லாது என்றது. 'லில்லி ஒயிட் வழக்கு' என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நூறு ரூபாய்த் துணியைத் தொலைத்துவிட்டுப் பதினைந்து ரூபாய் கொடுத்தால் போதும் என்றால், வெளுத்துக் கொடுப்பதைவிடத் தொலைப்பதில் அல்லவா லாபம் அதிகம்!

அடுத்தது கார் வழக்கு. 1998-இல் ஒருவர் டெல்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு ராத்திரி நேரத்தில் காரில் போனார். ஓட்டல் சிப்பந்தியிடம் சாவியைக் கொடுத்தார். சீட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து கேட்டால், காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்! சீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? வண்டி சொந்தக்காரர் பொறுப்பில் நிற்கிறது, திருட்டுப் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.

வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 2019 நவம்பரில்தான் சுப்ரீம் கோர்ட்டு முடிவு சொன்னது. சாவியை வாங்கிக்கொண்டால் வண்டி உங்கள் கையில் வந்துவிட்டது. வாங்கிய நிலையில் திருப்பிக் கொடுப்பது உங்கள் கடமை. உங்களுடைய, உங்கள் ஆட்களுடைய அஜாக்கிரதையால் நஷ்டம் வந்தால், சீட்டில் எழுதியிருப்பதைக் காட்டித் தப்பிக்க முடியாது. "எங்கள் அஜாக்கிரதை இல்லை" என்று முதலில் காட்ட வேண்டியவரும் ஓட்டல்காரர்தான். இதுதான் தீர்ப்பின் சாரம்.

இதற்கு அடிப்படையான சட்டம் நேற்று வந்தது அல்ல. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். அதன் 151-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனத்தோடு தம்மிடம் ஒப்படைத்த பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பாட்டிமார் சொல்வதும் இதுதானே? 2019-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

என் ஹெல்மெட்டுக்காக நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மறுநாள் அதே ஸ்டாண்டுக்குப் போய், 151-வது பிரிவை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் நீட்டினேன். அவர் படித்தார். தலையைச் சொறிந்தார். பாதி விலை கொடுத்தார். பலகை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமே இல்லை.

உயிர் போனால்?

புடவையும் காரும் பணத்தோடு போகிற விஷயம். உயிர்?

டெல்லி சாந்தினி சவுக்கில் ஒரு மணிக்கூண்டு இருந்தது. முனிசிபாலிடிக்குச் சொந்தமானது. 1951-இல் அது இடிந்து விழுந்து, கீழே போனவர்கள் இறந்தார்கள். "உள்ளுக்குள் பழுது இருந்தது எங்களுக்குத் தெரியாது" என்று நிர்வாகம் சொன்னது. 1966-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. ஜனங்கள் நடமாடும் ரோட்டுப் பக்கம் கட்டடம் வைத்திருப்பவர், அதைப் பார்த்துச் சரிசெய்யக் கடமைப்பட்டவர் என்று சொல்லி, இறந்தவர்களின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்கச் செய்தது. அந்த மணிக்கூண்டின் கீழே "நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு பலகை மாட்டியிருந்தால் செங்கல் விழாமல் நின்றிருக்குமா?

இங்கிலாந்தில் 1977-இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். வியாபாரம் நடத்துகிறவரின் அஜாக்கிரதையால் உயிர் போனாலும் உடம்பில் காயம்பட்டாலும், எந்தப் பலகையும் எந்த ஷரத்தும் அவரைக் காப்பாற்றாது. ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நம் நாட்டில் இப்படி நேரடியான ஒரு வரி சட்டப் புத்தகத்தில் இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் ஜட்ஜுகள் பொது நன்மையைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வரியை இங்கேயும் எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி.

பெயர் எழுதிய பலகை

நம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பொறுப்பு என்ற சொல்லுக்கு என்ன விலை என்பதை 2019-இல் நாடே பார்த்தது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டி. அக்டோபர் 25-ந் தேதி சாயங்காலம், விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை, பயன்படாத ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. நான்கு நாள். தீபாவளியும் அதற்குள் வந்து போயிற்று. டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து அழாத தாய் இல்லை. 29-ந் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது.

இதில் மனத்தை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட கிணறுகளை என்ன செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-லேயே, அதாவது ஒன்பது வருஷம் முன்பே சொல்லிவிட்டது. தோண்டும்போது சுற்றிலும் முள்கம்பி வேலி போட வேண்டும். குழாயைச் சுற்றி சிமெண்டு மேடை கட்ட வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிட்ட கிணற்றை மண்ணும் கல்லும் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும்.

அந்த உத்தரவில் பலகையைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. தோண்டும் இடத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். அதில் தோண்டுகிற கம்பெனியின் பெயரும் விலாசமும், நிலத்துச் சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் எழுதியிருக்க வேண்டும்.

கவனித்தீர்களா? இது வேறு ஜாதிப் பலகை! ஸ்டாண்டில் இருக்கும் பலகை "நான் இல்லை" என்கிறது. இந்தப் பலகை "நான்தான்" என்கிறது. தன் பெயரைப் பலகையில் எழுதியவன், குழியைத் திறந்து போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவானா? தெருவில் போகிற எவரும் நின்று படித்து, "இன்னாரே, குழி திறந்து கிடக்கிறது" என்று போன் செய்துவிடுவார்களே!

நம் ஊர்ப் பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கையால் ராவி ராவிச் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அவர் சிரித்தார். "நாங்க பூட்டு வித்துட்டு 'திருடு போனா நான் பொறுப்பில்லே'ன்னு எழுதி ஒட்டுனா எவனாவது வாங்குவானா? பூட்டு மக்கர் பண்ணுனா எங்கிட்டத்தான் வருவாங்க. வரணும்" என்றார். அரிவாளை எடுத்து நிலையையே பெயர்த்துக்கொண்டு போகிறவனுக்கு அவர் பொறுப்பு இல்லை. அதையும் சொன்னார். நியாயம்தான்.

ஜனங்கள் கேட்பதில்லையே!

"எத்தனை எழுதினாலும் ஜனங்கள் கேட்பதில்லை. வேலியைத் தாண்டுகிறான். குடித்துவிட்டு அணையில் குதிக்கிறான். பாறை நுனியில் நின்று போட்டோ எடுக்கிறான். அதற்கும் நாங்களா பொறுப்பு?" என்று நிர்வாகிகள் கேட்கலாம்.

வாஸ்தவம். நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் குணா குகை இருக்கிறது. 2006-இல் கேரளத்தில் இருந்து வந்த வாலிபர்கள் தடுக்கப்பட்ட இடத்துக்குள் போய், ஒருவர் பள்ளத்தில் விழுந்தார். நண்பர் ஒருவர் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார். 2024-இல் அது மலையாளத்தில் சினிமாவாக வந்து சக்கைப்போடு போட்டது. சினிமாவைப் பார்த்துவிட்டு அந்த இடத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தடுத்த இடத்துக்குள் போவது வீரம் அல்ல. வளர்ந்த மனிதர் தெரிந்தே ஆபத்தில் காலை வைத்தால், அதில் அவருக்கும் பங்கு உண்டு. கோர்ட்டுகளும் அதைப் பார்க்கத்தான் செய்கின்றன.

ஆனால் 'தெரிந்தே' என்ற சொல்லைக் கவனியுங்கள். என்ன ஆபத்து என்று சொன்னால்தானே தெரியும்? "இங்கே நாற்பது அடி ஆழம், அடியில் சேறு, போன மழைக்குப் பிறகு படி வழுக்குகிறது" என்று எழுதினால் தெரியும். "அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதினால் என்ன தெரியும்? நிர்வாகத்துக்கு வக்கீல் இருக்கிறார் என்பது தெரியும். சேறு இருப்பது தெரியாது!

அடுத்த மாவட்டமான தேனியில், போடிக்கு மேலே குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ந் தேதி நடந்ததை மறக்க முடியுமா? சென்னையில் இருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தில் இருந்தும் மலையேறப் போனவர்கள். இளம் பெண்கள் பலர். காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மார்ச் மாதத்தில் காய்ந்த புல் எப்படி எரியும் என்பது மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்குத் தெரியும். பட்டணத்தில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தெரியுமா? தெரிந்தவர் சொல்ல வேண்டும். சொல்வதோடு, போகாதே என்று நிறுத்தவும் வேண்டும். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. பாதைகளைக் கஷ்டத்துக்குத் தக்கபடி பிரித்தார்கள். அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும் என்றார்கள். செல்போன் விளையாட்டின் நட்சத்திரக் கணக்கும் இதுதான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை உள்ளே விடுகிற எந்த இடமானாலும், ராட்டினமோ, நீச்சல் குளமோ, மலைப் பாதையோ, பலகையில் மூன்று சங்கதிகள் இருக்கட்டும். ஆபத்து எங்கே, எப்படிப்பட்டது? அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்? ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது, அவர் பெயர் என்ன? தமிழில், பெரிய எழுத்தில், பக்கத்தில் ஒரு படத்தோடு எழுதட்டும். அதற்குக் கீழே இடம் மிச்சம் இருந்தால், "பொறுப்பல்ல" என்பதையும் வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும். இடம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப் போகும்போது பெற்றோரிடம் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள் அல்லவா? "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று சம்மதிக்கிறேன்." பெற்றோரே, அதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். எந்த ஊர், எந்தப் பஸ், எத்தனை ஆசிரியர்கள், தண்ணீரில் இறங்க விடுவீர்களா, முதலுதவிப் பெட்டி உண்டா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள். நல்ல ஆசிரியர் சந்தோஷப்படுவார். பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தோட்டத்துக் கிணறு

மருமகனின் டப்பாவுக்கு வருகிறேன். விவரத்தை அவன் இப்படி எழுதி முடித்தான்: "தோட்டத்துக்காரர் அனுமதி உண்டு. பகலில் மட்டும் வரவும். வடக்குப் பக்கம் வாசல் வழியாக வரவும். மோட்டார் ரூமுக்குத் தெற்கே பத்து அடி எடுத்து வைத்தால் கிணறு, ஐம்பது அடி ஆழம், அந்தப் பக்கம் சுவர் இல்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்." எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினான்.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "ஏன் தாத்தா, சுவர் கட்டிட்டா இவ்வளவு எழுத வேண்டாம்ல?" என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வருஷமாக அந்தத் தோட்டத்தில் களை எடுக்க வரும் பெண்கள் கைக்குழந்தையைப் புளியமர நிழலில் தூளி கட்டிப் போட்டிருக்கிறார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் மோட்டார் தண்ணீரில் விளையாடியிருக்கின்றன. அவர்களுக்கு நான் ஒரு பலகைகூட வைத்தது இல்லை. "எல்லாருக்கும் தெரிந்த கிணறுதானே!" என்று இருந்துவிட்டேன். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் டப்பா தேடி வரப்போகிறார் என்றதும்தான் அந்த இடிந்த சுவர் என் கண்ணில் பட்டது.

கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். இடிந்து உள்ளே விழுந்த கல் போக மிச்சத்தை எண்ணினார். "பழைய கல்லே முக்கால்வாசி தேறும். நாலு மூட்டை சிமெண்டு, ஒரு வண்டி மணல் வாங்கிக் கொடுங்க. ரெண்டு நாள் வேலைங்க. இதை அப்பவே சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார்.

சுவர் இப்போது இடுப்பளவு நிற்கிறது. மருமகன் ஊருக்குப் போகுமுன் விவரத்தைத் திருத்திவிட்டுப் போனான். டப்பா அதே பொந்தில்தான் இருக்கிறது. நோட்டில் இதுவரை ஒரே ஒரு கையெழுத்து. பேரனுடையது.